ஸ்ட்ரெஸ்: இரும்பிடம் போய்த் திரும்பிய சொல்

‘டி.எம்.டி.’ என்ற மூன்றெழுத்து தமிழ்நாட்டில் இரண்டு இடங்களில் புழங்குகிறது. வீடு கட்டுகிறவர் கம்பிக்கடையில் கேட்பார். நெஞ்சு வலிக்கிறது என்று போனவருக்கு இதய மருத்துவர் எழுதிக் கொடுப்பார். முன்னது, சிவக்கக் காய்ச்சி உருட்டி, உடனே தண்ணீர் பாய்ச்சிக் குளிரவைத்து உறுதியேற்றிய கம்பி. பின்னது, மார்பில் வயர்களை ஒட்டிக்கொண்டு டிரெட்மில்லில் நடக்கும் சோதனை. எழுத்துகள் ஒத்துப்போனது தற்செயல். ஆனால் இரண்டையும் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் அடியில் ஒரே ஆங்கிலச் சொல் கிடைக்கும்: ஸ்ட்ரெஸ். கம்பியில் பொறித்திருக்கும் ‘எஃப்.இ. 500’ என்பதில் உள்ள எண், சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன் ஸ்ட்ரெஸ் வரும்வரை கம்பி நிரந்தரமாக நீண்டுவிடாது என்பதற்கு அடையாளம். டிரெட்மில் சோதனைக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் இன்னொரு பெயர் ‘ஸ்ட்ரெஸ் டெஸ்ட்’.

கம்பிக்கும் நெஞ்சுக்கும் பொதுவான இந்தச் சொல் முதலில் மனிதரின் பாட்டைத்தான் சொன்னது. பிறகு இரும்பிடம் போனது. அங்கே பக்குவப்பட்டு, மறுபடி மனிதரிடம் வந்தது. வரும் வழியில் எதைத் தொலைத்தது என்பதை மட்டும் கொஞ்சம் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

லத்தீனில் ‘ஸ்ட்ரிங்கெரே’ என்றால் இறுக்குவது, இழுத்துக் கட்டுவது. அந்த ஒரு வினைக்குப் பிறந்த பிள்ளைகள் ஆங்கிலத்தில் ஏராளம். கண்டிப்பான வாத்தியாரைக் குறிக்கும் ‘ஸ்ட்ரிக்ட்’ ஒன்று. இரு நிலங்களுக்கு நடுவே கடல் ஒடுங்கும் இடத்தைச் சொல்லும் ‘ஸ்ட்ரெய்ட்’ இன்னொன்று. நமக்கும் இலங்கைக்கும் நடுவில் இருக்கும் பாக் நீரிணை ஆங்கில வரைபடத்தில் இந்தப் பெயரில்தான் இருக்கிறது. ‘ஸ்ட்ரெயின்’ பிரெஞ்சு வழியாக வந்த அடுத்த பிள்ளை. துயரம் என்று பொருள்படும் ‘டிஸ்ட்ரெஸ்’, நாம் அன்றாடம் உச்சரிக்கும் ‘டிஸ்ட்ரிக்ட்’ ஆகிய இரண்டும் ஒட்டிப் பிறந்தவை. இடைக்கால ஐரோப்பாவில் ஒரு பிரபு எந்த எல்லைக்குள் ஆட்களைப் பிடித்து அடக்கவும் பொருளைப் பறிமுதல் செய்யவும் அதிகாரம் பெற்றிருந்தானோ, அந்த எல்லைதான் டிஸ்ட்ரிக்ட். வாடகையோ வரியோ பாக்கி வைத்தவனின் ஆட்டையும் மாட்டையும் ஓட்டிக்கொண்டு போவதற்கு ஆங்கிலேயச் சட்டம் வைத்த பெயர் டிஸ்ட்ரெஸ். நம் ஊரில் அதற்கு ஜப்தி. டிஸ்ட்ரிக்ட் கலெக்டரின் ஆட்கள் ஜப்திக்கு வந்த காலத்தில் நம் குடியானவர்கள் இந்தச் சொற்குடும்பத்தின் முழு அர்த்தத்தையும் அகராதி இல்லாமலே புரிந்துகொண்டிருப்பார்கள்.

பழைய பிரெஞ்சு ‘எஸ்ட்ரெஸ்’, அதாவது இடுக்கம், ஒடுக்குமுறை. அதிலிருந்தும், டிஸ்ட்ரெஸ் என்பதன் தலை உதிர்ந்தும், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்குள் ‘ஸ்ட்ரெஸ்’ நுழைந்தது. அன்று அதற்குப் பொருள் கஷ்டம், பஞ்சம், வன்முறை, தாங்க முடியாத குளிர். புயல் துரத்தியதால் கப்பல் வழிதவறி ஒரு துறைமுகத்தில் ஒதுங்கினால், வானிலையின் ஸ்ட்ரெஸ்ஸால் ஒதுங்கியதாகக் கப்பல் ஆவணங்களில் எழுதுவார்கள். கவனிக்க வேண்டியது இதுதான்: அந்த நாளில் ஸ்ட்ரெஸ் வெளியே இருந்தது. புயலில், கடனில், பிரபுவின் கையில் இருந்தது. மனிதன் அதற்குள் மாட்டிக்கொள்வான். அது மனிதனுக்குள் குடியிருக்கவில்லை.

இரும்பின் கதை லண்டனில் ஒரு புதிரோடு தொடங்குகிறது. ராபர்ட் ஹூக் 1676இல் தன் கண்டுபிடிப்பை எழுத்துகளைக் கலைத்துப் போட்ட ஒரு விடுகதையாக அச்சிட்டார். வேறு யாரும் உரிமை கொண்டாடிவிடக் கூடாது என்ற பயம். இரண்டு ஆண்டுகள் கழித்து அவரே விடையை அவிழ்த்தார்: சுருள்வில் எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு விசை. நீட்சிக்கு அவர் கையாண்ட லத்தீன் சொல் ‘டென்சியோ’. நம் வீடுகளில் காலை எட்டு மணிக்குக் கேட்கும் ‘டென்ஷன்’ இதே சொல்லின் வாரிசு என்பது ஹூக்குக்குத் தெரிந்திருந்தால் சிரித்திருப்பார், அல்லது அதற்கும் உரிமை கேட்டிருப்பார். பிறகு 1822இல் பாரிஸில் கோஷி என்ற கணித மேதை, ஒரு பொருளின் உள்ளே எந்தப் புள்ளியிலும் எந்தத் திசையிலும் விசை எப்படிப் பரவியிருக்கிறது என்பதைக் கணக்கில் கொண்டுவந்தார். கணக்கு வந்துவிட்டது. தெளிவான பெயர்தான் வரவில்லை.

பெயருக்கான அவசரத்தைக் கொடுத்தது ரயில். 1842 மே 8ஆம் தேதி வெர்சாயிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்தது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பிடித்தன. கதவுகள் வெளியிலிருந்து பூட்டப்பட்டிருந்ததால் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் உள்ளேயே கருகினார்கள். உலகைச் சுற்றிவந்த கடலோடி துய்மோன் துர்வில் தன் மனைவி, மகனோடு அதில் இறந்தார். அச்சு ஏன் முறிந்தது? தாங்கக்கூடிய சுமைதானே இருந்தது? அடுத்த ஆண்டே ரயில் அச்சுகள் எதிர்பாராமல் முறிவதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார் எடின்பரோவில் பிறந்த இளம் பொறியாளர் ராங்கைன். ஒரே சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்கினால், ஒருமுறைக்குத் தாங்குகிற இரும்புகூட உள்ளே மெல்லக் கீறல் விட்டு ஒருநாள் முறியும். 1850களில் பொறியாளர்கள் இதற்கு ‘ஃபட்டீக்’ என்று பெயர் வைத்தார்கள். அசதி. மனிதருடைய களைப்பை எடுத்து இரும்புக்குக் கொடுத்தார்கள். கொடுக்கல் வாங்கல் அப்படித்தான் தொடங்கியது.

அதே ராங்கைன் 1855இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அதுவரை பொறியாளர்கள் ஒன்றுக்குப் பதில் ஒன்றாகப் பயன்படுத்திவந்த ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெயின் இரண்டையும் அவர் பிரித்து, ஆளுக்கு ஒரு வேலை கொடுத்தார். நம் பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தில் ‘பருப்பொருளின் பண்புகள்’ பாடத்தில் தகைவு, திரிபு என்று வருவது அந்தப் பிரிவினைதான். இலங்கைப் பாடநூல்களில் தகைவு தகைப்பாகும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள இரண்டு மீட்டர் எஃகுக் கம்பியை உத்தரத்தில் தொங்கவிட்டு, கீழே 10 கிலோ எடையைக் கட்டுங்கள். எடைதான் சுமை, அது வெளியே இருக்கிறது, யாரோ கட்டியது. அந்தச் சுமைக்கு எதிராகக் கம்பிக்குள்ளே ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் எழும் எதிர்விசை சுமார் 98 நியூட்டன், அது தகைவு. கம்பி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளும். மொத்த நீளத்தில் அது இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அந்த விகிதம்தான் திரிபு. எடையை அவிழ்த்தால் கம்பி பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும். சாதாரண எஃகாக இருந்தால், 25 கிலோ வாக்கில் ஒரு எல்லை வரும். அதைத் தாண்டிய பிறகு எடையை அவிழ்த்தாலும் கம்பி முழுதாகத் திரும்பாது.

மூன்று சொற்கள், மூன்று இடங்கள். சுமை யார் கட்டியது, உள்ளே என்ன நடக்கிறது, வெளியே என்ன உருக்குலைந்தது என்று தனித்தனியாகக் கேட்கலாம், தனித்தனியாக அளக்கலாம். கம்பி முறிந்தால் கம்பிக்கு மனவுறுதி போதவில்லை என்று எந்தப் பொறியாளரும் அறிக்கை எழுத மாட்டார். எவ்வளவு சுமை ஏற்றினாய் என்றுதான் முதலில் கேட்பார். தமிழில் இதைப் படித்த மாணவருக்கு இன்னொரு வசதி உண்டு. தகைத்தல் என்றால் தடுத்தல், எதிர்த்து நிற்றல். பாடநூல் குழுவில் அந்தச் சொல்லைத் தேர்ந்தவர் யாராயினும், கம்பி சும்மா அழுந்திக் கிடக்கவில்லை, எதிர்த்து நிற்கிறது என்பதைப் பெயரிலேயே வைத்துவிட்டார்.

இனித் திரும்பும் பயணம். ஹார்வர்டில் வால்டர் கேனன் பூனைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். நாய் குரைத்துப் பயந்த பூனையின் ரத்தத்தில் அட்ரினலின் ஏறியது. இதயம் வேகமெடுத்தது, செரிமானம் நின்றது. ஒன்று சண்டை போடு, அல்லது ஓடு என்று உடல் தயாராகிறது என்றார். உடல் தன் சமநிலையைக் காத்துக்கொள்ளும் விதத்துக்கு 1920களில் பெயரும் சூட்டினார். 1935இல் அவர் வெளியிட்ட உரை ஒன்றின் தலைப்பிலேயே ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெயின் இரண்டும் இருந்தன, பொறியாளர் பாணியில் இரண்டாகவே. கேனன் கவனமான மனிதர்.

ஹான்ஸ் செல்யேவை அப்படிச் சொல்ல முடியாது. 1907இல் வியன்னாவில் பிறந்து, ஹங்கேரியில் வளர்ந்து, பிராகில் மருத்துவம் படித்தவர். மாணவப் பருவத்தில் பேராசிரியர் வெவ்வேறு நோயாளிகளைக் காட்டி வேறுபாடுகளை விளக்கும்போது, இவருக்கு ஒற்றுமைதான் கண்ணில் பட்டது. எந்த நோயாக இருந்தாலும் ஆள் சோர்ந்திருக்கிறார், பசிக்கவில்லை, உடம்பு வலிக்கிறது, நோயாளி போலவே இருக்கிறார். இது என்ன என்று கேட்டால் சிரிப்பார்கள் என்று விட்டுவிட்டார். 1930களில் மாண்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்துக்கு வந்து எலிகளுக்குச் சினைப்பைச் சாறு ஊசி போட்டார். புதிய ஹார்மோன் ஒன்றைப் பிடித்துவிடலாம் என்ற ஆசை. எலிகளைக் கீறிப் பார்த்தால் அட்ரினல் சுரப்பி வீங்கியிருந்தது, தைமஸ் சுருங்கியிருந்தது, இரைப்பையில் புண். கண்டுபிடித்துவிட்டோம் என்று துள்ளினார். சரிபார்க்க ஃபார்மலின் போட்டார். அதே மூன்று மாற்றங்கள். குளிரில் வைத்தாலும், காயப்படுத்தினாலும், ஓட வைத்துக் களைக்கவிட்டாலும் அதே மூன்று.

வேறொருவராக இருந்தால் சாறு அசுத்தம் என்று குறித்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார். செல்யேவுக்குப் பிராக் நோயாளிகள் நினைவுக்கு வந்தார்கள். எந்தத் தாக்குதலாயினும் உடல் ஒரே விதமாகப் பதில் சொல்கிறது என்று 1936 ஜூலை 4ஆம் தேதி ‘நேச்சர்’ இதழில் ஒரு பக்கத்துக்குள் அடங்கும் கடிதமாக எழுதினார். முதலில் அபாய அறிவிப்பு, பிறகு சமாளிப்பு, கடைசியில் ஓய்ந்துபோதல் என்று அந்தப் பதிலுக்கு மூன்று கட்டங்கள் வகுத்தார். கடிதத்தின் தலைப்பில் ஸ்ட்ரெஸ் இல்லை. சில ஆண்டுகளில் அந்தச் சொல் வந்து ஒட்டிக்கொண்டது. உடலின் உள்ளே நிகழும் பதில் வினைக்கு, உருக்குலைவுக்கு, அவர் வைத்த பெயர் ஸ்ட்ரெஸ். அப்படியானால் வெளியே இருந்து தாக்குவதை எப்படி அழைப்பது? பெயர் தீர்ந்துபோய்விட்டதால் ‘ஸ்ட்ரெஸ்ஸர்’ என்று ஒன்றைப் புதிதாக உருவாக்க வேண்டிவந்தது. தன் ஆங்கிலம் இன்னும் நன்றாக இருந்திருந்தால் ‘ஸ்ட்ரெயின்’ என்று பெயரிட்டிருப்பேன் என்று பின்னாளில் அவர் வருத்தப்பட்டதாக அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். ராங்கைன் பாடுபட்டுப் பிரித்ததை ஒரு மருத்துவர் ஒரே வீச்சில் கலக்கிவிட்டார்.

கலங்கியதால்தான் அது ஊர் ஊராகப் பரவியது என்று எனக்குத் தோன்றுகிறது. துல்லியமான சொல் ஆய்வகத்தைத் தாண்டாது. பாரிஸில் செல்யே உரை நிகழ்த்தப் போனபோது இதற்குப் பிரெஞ்சில் என்ன சொல்வது என்று வாதாடிப் பார்த்து, கடைசியில் ‘லெ ஸ்ட்ரெஸ்’ என்று அப்படியே வைத்துக்கொண்டார்களாம். ஜெர்மானியர்களும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஜப்பானியர்கள் ‘சுதோரெசு’ ஆக்கிக்கொண்டார்கள். 1945இல் அமெரிக்க விமானப்படை வீரர்களின் மனநிலையைப் பற்றி இரு மருத்துவர்கள் எழுதிய நூலின் தலைப்பிலேயே ஸ்ட்ரெஸ் ஏறிவிட்டது. முதல் உலகப்போரில் குண்டதிர்ச்சி என்றும் கோழைத்தனம் என்றும் சொல்லப்பட்டதற்குக் கௌரவமான பெயர் கிடைத்தது. அதை இந்தச் சொல்லின் நற்செயலாகவே கணக்கில் வைக்கலாம்.

1967இல் ஹோம்ஸ், ராஹே என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் வாழ்க்கை நிகழ்வுகளுக்கு மதிப்பெண் போட்டார்கள். மொத்தம் 43 நிகழ்வுகள். துணையின் மரணத்துக்கு 100, மணமுறிவுக்கு 73, சிறைவாசத்துக்கு 63, கல்யாணத்துக்கு 50. மேலதிகாரியோடு தகராறு 23தான். மாமியார் வீட்டாரோடு தகராறு 29. அமெரிக்காவிலும் அப்படித்தானா என்று நம்மவர்கள் ஆறுதல் கொள்ளலாம். கிறிஸ்துமஸுக்கும் 12 மதிப்பெண் உண்டு. பட்டியலைக் கேலி செய்வது சுலபம். ஆனால் அதில் ஒரு நேர்மை இருந்தது: நிகழ்வுகள் எல்லாம் வெளியே நிற்பவை, எண்ணக்கூடியவை.

செல்யே வேறு பக்கம் போனார். 1969இல் கனடா நாடாளுமன்றக் குழுமுன் புகையிலைக்குச் சாதகமாகச் சாட்சி சொன்னார். புகையிலை நிறுவனங்கள் அவர் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்ததை, 1998இல் அமெரிக்க மாநிலங்களோடு செய்த வழக்குத் தீர்வு உடன்படிக்கைக்குப் பிறகு வெளியான அந்த நிறுவனங்களின் ஆவணங்கள் காட்டின. மாரடைப்புக்கு சிகரெட் காரணமா, ஸ்ட்ரெஸ் காரணமா என்று குழப்ப முடிந்தால் சிகரெட் விற்கிறவருக்கு அதைவிட நல்ல வழக்கறிஞர் யார்? எல்லாவற்றுக்கும் காரணமாக நிறுத்தக்கூடிய சொல், எந்தக் குற்றவாளியையும் தப்பவிடும். இரைப்பைப் புண்ணையும் வெகுகாலம் ஸ்ட்ரெஸ் கணக்கில்தான் எழுதினார்கள். ஆஸ்திரேலியாவில் வாரன், மார்ஷல் என்ற இரு மருத்துவர்கள் நோயாளிகளின் இரைப்பையில் ஒரு பாக்டீரியாவைக் கண்டார்கள். யாரும் நம்பாததால் மார்ஷல் 1984இல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வலி மாத்திரையால் வருபவை போகப் பெரும்பாலான புண்களை இன்று ஆன்டிபயாடிக்கால் ஆற்றுகிறார்கள்.

பெரிய அதிகாரிகளுக்குத்தான் ஸ்ட்ரெஸ், அதனால் மாரடைப்பு என்பது அக்காலத்து இன்னொரு நம்பிக்கை. லண்டன் வைட்ஹாலில் சுமார் 18,000 ஆண் அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு அதைத் தலைகீழாக்கியது. கடைநிலை ஊழியர்கள் இதயநோயால் இறக்கும் விகிதம் உச்சிப் பதவிக்காரர்களுடையதைப் போல மூன்று மடங்கு. புகைப்பழக்கம் முதலியவற்றைக் கழித்த பிறகும் வேறுபாடு முழுதாக மறையவில்லை. வேலைப்பளு அதிகம், தன் வேலையில் தானே முடிவெடுக்கும் உரிமை குறைவு: இந்த இரண்டும் சேரும் இடத்தில்தான் ஆபத்து என்று 1979இல் காரசெக் என்ற ஆய்வாளர் விளக்கினார். அதற்கு அவர் வைத்த பெயரில் ‘ஸ்ட்ரெயின்’ திரும்பி வந்தது. பொறியாளரின் கணக்கு, நூற்றிருபது ஆண்டுகள் கழித்து.

ஆங்கில அகராதியில் ஸ்ட்ரெஸ்ஸைத் தேடினால் பிரஷர், டென்ஷன், ஸ்ட்ரெயின் என்று இணைச்சொற்களாக அடுக்கியிருப்பார்கள். நான்கையும் தமிழ்ப் பேச்சு எடுத்துக்கொண்டது. ஆனால் இணைச்சொற்களாக வைத்துக்கொள்ளவில்லை. பிரஷர் என்பது ரத்த அழுத்தம். அதற்கு மாத்திரை உண்டு, காலையில் ஒன்று. டென்ஷன் என்பது ஒரு பொழுது. பெரும்பாலும் அடுத்தவர் கொடுப்பது. ‘என்னை டென்ஷன் பண்ணாத’ என்று சொல்லும்போது குற்றவாளி எதிரிலேயே நிற்கிறார். ஸ்ட்ரெயின் உடம்புக்கு: ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவரிடம் ‘ரொம்ப ஸ்ட்ரெயின் பண்ணிக்காதீங்க’ என்பார்கள். ஸ்ட்ரெஸ் கடைசியாக, கம்ப்யூட்டர் வேலைகளோடு சேர்ந்து வந்தது. அது நாள்பட்டது, அதற்குக் கொடுத்தவர் பெயர் கிடையாது. அகராதி செய்யாத பாகுபாட்டை நம் சமையலறைகள் செய்திருக்கின்றன.

எழுத்துத் தமிழ் இந்தக் கவனத்தைக் காட்டவில்லை என்பது என் புகார். ஸ்ட்ரெஸ்ஸுக்கும் மன அழுத்தம், டிப்ரெஷனுக்கும் மன அழுத்தம் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. இரண்டாவது, மருத்துவம் தேவைப்படும் மனச்சோர்வு நோய். வேலைச்சுமை குறைந்தால் தேறிவிடுகிறவரும், தேறாமல் மருத்துவரிடம் போகவேண்டியவரும் ஒரே தலைப்பின் கீழ் வந்துவிடுகிறார்கள். மனச்சோர்வு என்று எழுத ஓரிரு எழுத்துகூட அதிகம் செலவாகாது. நம்மிடமே ‘நெருக்கடி’ என்று ஒரு சொல் இருக்கிறது. நெருக்குவது, இடமில்லாமல் செய்வது. அந்தப் பழைய லத்தீன் இறுக்கத்துக்குப் பக்கத்து வீடு. பண நெருக்கடி, வேலை நெருக்கடி என்று அது இன்றும் நெருக்குகிறவரைக் கையோடு கூட்டிக்கொண்டுதான் வருகிறது.

இன்று வங்கிகளின் வாராக்கடன் பட்டியலிலும் ஸ்ட்ரெஸ் உண்டு. 2009இல் அமெரிக்கா 19 பெரிய வங்கிகளுக்கு ‘ஸ்ட்ரெஸ் டெஸ்ட்’ வைத்தது. அலுவலகங்களில் ஸ்ட்ரெஸ் மேலாண்மை வகுப்புகள் நடக்கின்றன. மூச்சை இழுத்து விடச் சொல்கிறார்கள். மூச்சுப் பயிற்சியால் கெடுதல் இல்லை. ஆனால் அந்த வகுப்பில் கம்பிக்குத்தான் பாடம் நடக்கிறது. கட்டிய எடை கட்டியபடி தொங்குகிறது.

எடையை அவிழ்ப்பது எப்படி இருக்கும் என்பதற்குப் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் விற்பனைப் பெண்களுக்குக் கால் வீக்கம், நரம்புச் சுருட்டல் என்ற புகார்கள் நெடுங்காலமாக இருந்தன. கேரளம் 2018இல் சட்டம் திருத்தியது. தமிழ்நாடு 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை போட வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்பு கிடைக்கும்போது அவர்கள் உட்கார வழிசெய்ய வேண்டும் என்று ஆணையிட்டது. அடுத்த தடவை புடவை எடுக்கப் போகும்போது, விரித்துக் காட்டுகிற பெண்ணுக்குப் பின்னால் நாற்காலி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கல்லாவில் இருப்பவரிடம் கேளுங்கள்.